சாமைப் பருக்கை

அன்று தேவிப்ரியா சோற்றைத் தொடவே இல்லை. காலையில் நின்ற வாக்கில் இரண்டு இட்லி, அப்புறம் ஒரு டீ, அதற்கு மேல் இன்னொரு டீ, அவ்வளவுதான் உள்ளே போயிருந்தது. ஆனாலும் மத்தியானப் பந்தி முடிந்து மாத்திரைப் பெட்டியைப் பூட்டக் கை நீட்டியபோது, வலது ஆள்காட்டி விரலின் நகத்துக்குள் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ரேஷன் அரிசிப் பருக்கை போல அது தடித்து இல்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக, ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் இன்னும் சூடும் இருந்தது.

சோப்பு போட்டுக் கழுவினாள். பருக்கை போய்விட்டது, வாசனை போகவில்லை. அழுகிய பூண்டும் துருப்பிடித்த இரும்பும் கலந்தாற்போன்ற அந்த வாசனை அவளுக்குப் பழக்கமானதுதான். குடியை நிறுத்துகிற மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவர்கள் வாயைத் திறந்தால் வருவது. மாத்திரை அட்டையைத் தொட்ட கைதானே என்று நினைத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். களைத்துப்போனவளுக்கு எந்தக் காரணமும் போதும்.

கள்ளக்குறிச்சியில் அவள் வேலை பார்த்த மறுவாழ்வு மையம் ஒரு காலத்தில் கல்யாண மண்டபமாக இருந்தது. மணப்பெண் அறையில் இப்போது மாத்திரைகள், மேடை இருந்த இடத்தில் பீரோக்கள், மேலே கூடத்தில் இருபது கட்டில்கள். சாப்பாட்டுக் கூடம் மட்டும் அப்படியே, நீள நீளமான பந்தி மேசைகளோடு கிடந்தது. டாக்டர் தீனதயாளன் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் நர்ஸ் தேவிப்ரியாவும் வார்டு உதவிக்கு இருக்கும் பாரதியும்தான் எல்லாம்.

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் குடி மட்டும் வியாதி இல்லை. காதுக்குள் யாரோ பேசுவார்கள், அதை அடக்கக் குடிப்பார்கள், குடித்ததும் அது இன்னும் உரக்கப் பேசும். மனநோய் பார்க்கிற இடத்துக்குப் போனால் முதலில் குடியை விட்டுவிட்டு வா என்பார்கள். குடி நிறுத்துகிற இடத்துக்குப் போனால் முதலில் மண்டையைச் சரி பண்ணிக்கொண்டு வா என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம் என்று சுற்றுவட்டாரத்தில் போர்டு மாட்டியது இந்த மையம் ஒன்றுதான், அதனால் மலையிலிருந்தும் சின்னசேலம் பக்கமிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். போர்டு மாட்டியவர்கள் இன்னொரு நர்ஸைப் போடுவதைப் பற்றி அடுத்த வருஷம் யோசிப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைய பந்தியும் வழக்கம்போல ஒரு மணிக்குத்தான். தட்டுகள் மேசையில் வரிசையாக விழும் சத்தமும், சாம்பார் வாளியின் கைப்பிடி கிறீச்சிடுவதும், பினாயிலும் பெருங்காயமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் வாடையும் கூடத்தில் நிரம்பியபோது, தண்ணீர் கேன் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டு அவள் தலைகளை எண்ணினாள். மூன்றாவது மேசை ஓரத்தில் பச்சமுத்து. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக் குக்கிராமத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தனியாளாக லாரியில் ஏற்றிய உடம்பு. இப்போது சட்டைக்குள் எலும்பு மட்டும் மாட்டியிருந்தது. பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவளின் இமை விழுந்தது. ஒரு நொடிதான் என்று அவள் சத்தியமே பண்ணுவாள்.

கண்ணைத் திறந்தபோது மூன்றாவது மேசையில் யாரும் சாப்பிடவில்லை. எல்லாரும் பச்சமுத்துவின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குவிந்திருந்த சோற்றின் நடுவில் யாரோ விரலை விட்டு எடுத்தது போல ஒரு குழி. ரசம் ஊற்றப் பறிக்கிற குழி இல்லை, அதைவிடச் சின்னது, ஆழமானது. பச்சமுத்துவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"போட்டுட்டா," என்றார்.

"யாருங்க போட்டாங்க?"

"வேளாவேளைக்கு வர்றவதான். வூட்லயும் வந்தா, இங்கயும் வர்றா. சோத்து ஆவில மூஞ்சி தெரில. வெள்ளக் கோட்டு. பாக்கெட்டாண்ட நீலமா கறை."

தேவிப்ரியாவின் கை தானாகக் கோட்டுப் பாக்கெட்டை மூடியது. மூன்று மாசத்துக்கு முன் பேனா ஒழுகி ஏற்பட்ட கறை அது, எத்தனை வெளுத்தும் போகவில்லை. வார்டில் இருபது பேரும் தினம் பார்க்கிற கறைதானே, அவர் கிறுக்குக்கு அதுவும் ஒரு தீனி என்று தேற்றிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஒரே அண்டாச் சோறுங்க. நான் ஒரு வாய் சாப்ட்டுக் காட்டட்டுமா?"

பச்சமுத்து அவளை இரக்கத்தோடு பார்த்தார். வாயைத் திறந்தபோது அந்தப் பூண்டு வாடை வந்தது. "நீங்க தூங்காதீங்க நர்சம்மா. நீங்க கண்ண மூடும்போதுதான் அவ வர்றா."

'உணவில் எதையோ கலப்பதாகச் சந்தேகம் நீடிக்கிறது' என்று கேஸ் ஷீட்டில் எழுதினாள். அது வெறும் சந்தேகம் இல்லை என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

ஆடி மாசக் கடைசியில் நடந்தது அது. அன்று வெளியே நாற்பத்து மூன்று பேர் காத்திருந்தார்கள். பச்சமுத்துவின் மனைவி காசியம்மாள் தனியாக வந்திருந்தாள், புருஷன் வரமாட்டேன் என்கிறானாம். ராத்திரியில் குடித்துவிட்டுக் கொடுவாளோடு காட்டுக்குள் ஓடிக் காதில் கேட்கிற குரலை வெட்டுகிறானாம். குரல் அகப்படாதபோது அவளை அடிக்கிறானாம். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியே இருந்தது.

"இன்னிக்கி ஒரு வழி சொல்லலன்னா நாளைக்கி நான் கெணத்துல கெடப்பேன்," என்றாள்.

சாப்பிடுகிறவரிடம் சொல்லாமல் யாருக்கும் மாத்திரை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் தேவிப்ரியா சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார். அதிலும் காதில் குரல் கேட்கிறவர்களுக்குக் குடியை நிறுத்துகிற மாத்திரை ஆகாது, இருப்பதையும் கிளப்பிவிடும் என்றும் சொல்லியிருந்தார். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் வெளியே வரிசை, பாக்கெட்டில் ஒழுகுகிற பேனா, எதிரே அந்த ஒற்றைக் கண். மூன்று அட்டைகளை எடுத்து மேசைக்கடியில் நீட்டினாள். பொடி பண்ணிச் சோற்றில் கலந்துவிடச் சொன்னாள். அவரிடம் மூச்சு விட வேண்டாம், குடித்தால் குமட்டும், தானாக விட்டுவிடுவார் என்றாள்.

காசியம்மாள் அட்டைகளைத் தொடவே பயந்தாள். "கட்டுனவனுக்குச் சோத்துல மருந்து வெக்கறதா? பாவமில்லீங்களா?"

"பாவம் எனக்கு வரட்டும்," என்றாள் தேவிப்ரியா, அடுத்த சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டே. "நீங்க போடுறதா நெனைக்காதீங்க. நான் வந்து போடுறதா நெனச்சிக்கோங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள், அதுவும் ஒரே நிமிஷத்தில்.

பச்சமுத்து குடியை விட்டார். ஒரு மிடறு போனாலே வாந்தி. ஆனால் குரல் போகவில்லை, வளர்ந்தது. அப்புறம் சோற்றில் யாரோ மருந்து வைக்கிறார்கள் என்று சாப்பாட்டையும் விட்டார். நான்கு பேர் ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. வந்த அன்றே தேவிப்ரியா காசியம்மாளைத் தனியே கூப்பிட்டு, "இனிமே அந்த மாத்திர வேணாம்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு வாரத்தில் உடம்பிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். இன்னும் அவர் வாயில் அந்த வாடை வீசியது. டாக்டரிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

நேற்று டாக்டர் எடை பார்த்தார். முப்பத்தெட்டு கிலோ. "குளுக்கோஸ்ல எத்தனை நாள் ஓட்டறது? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பிடி சோறு உள்ள போகலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்," என்றவர், வண்டிப் பயணத்தை அந்த உடம்பு தாங்குமா என்று அவள் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். புருஷன் ஓசூரில் வேலை, மாசத்துக்கு இரண்டு முறை வருவான். மற்றபடி அந்த வாடகை வீட்டில் அவளும் ஒரு பல்லியும்தான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பில் பாலை வைத்தாள். இந்த மூன்று மாசக் களைப்புக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று, தைராய்டு பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, யாரோ சுவிட்சை அமுக்கினது மாதிரி அவள் அணைந்துபோவாள். காலை எட்டு மணிக்கு, மத்தியானம் ஒரு மணிக்கு, ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் ஏழு மணிக்கு. காலையும் மத்தியானமும் ஒரு நொடிதான். ஏழு மணிக்கு வருவது மட்டும் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போனது.

பால் பொங்கவில்லை. பொங்கி, வழிந்து, வற்றி, பாத்திரம் கரிந்து, சமையலறை முழுக்கப் புகையாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு இருபத்தைந்து. அவள் அடுப்புக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள், உட்காரக்கூட இல்லை. வலது கை தோள்வரை கனத்தது. விரல் நுனி சுட்டது. நகத்துக்குள் இப்போது ஒன்றில்லை, ஐந்தாறு பருக்கைகள்.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இது அரிசி இல்லை, சாமை. மலையில் விளைவது. காசியம்மாள் ஒரு தடவை துணிப்பையில் ஒரு படி கொண்டுவந்து கொடுத்திருந்தாள், அது இன்னும் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது.

அப்போதுதான் கவனித்தாள். ஆணியில் கோட்டு இல்லை. அவள் அதைப் போட்டிருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய் மருந்து கொடுக்கும் நாள் அது இல்லை, ஆனாலும் பாரதியிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். காசியம்மாளிடம் மிச்ச மாத்திரையை வாங்கிவிட வேண்டும். எத்தனை போட்டாள், எப்போது நிறுத்தினாள் என்று கேட்டுக்கொண்டு சாயங்காலமே டாக்டருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும், அந்த மனுஷன் ஒரு வாய் சாப்பிட்டால் போதும். வேறெதையும் அவள் நினைக்கவில்லை, நினைக்க விடவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பனி இறங்கிவிட்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் ஹாரனை அழுத்த, அந்தச் சத்தம் எதிர்ச்சரிவில் முட்டி வேறு யாரோ பதில் சொல்வது போலத் திரும்பி வந்தது. ஈரச் சீட்டு, டீசல் புகை, மூட்டைக்குள்ளிருந்து பச்சைக் கிழங்கின் மண்வாசம். எட்டு மணி ஆகப்போகிறது என்று இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே முழித்திருந்தாள். ஏழு ஐம்பத்தொன்பதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

கண்டக்டர் தோளைத் தட்டினார். "டிக்கெட்டு மேடம். சாப்ட்டுக் கை கழுவலீங்களா? கம்பியெல்லாம் ஆவுது பாருங்க."

முன்சீட்டுக் கம்பியில் சாமை ஒட்டியிருந்தது.

வெள்ளிமலையில் இறங்கி, ஷேர் ஜீப் ஏறி, ஊர் முனையில் இறங்கி நடந்தாள். ஒரே தெரு, இரண்டு பக்கமும் பதினைந்து இருபது வீடு. வாசலுக்கு வாசல் ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பகல் பதினொன்றுக்கு அந்தத் தெருவில் குடிக்காத ஆம்பிளையை அவள் இதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை. இன்று எல்லாரும் தெளிவாக இருந்தார்கள். மெலிந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்காரியைக் கண்ட கூச்சம் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனாள்.

காசியம்மாள் மரவள்ளித் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். கன்னத்து வீக்கம் எப்போதோ வற்றியிருந்தது. "வாங்க நர்சம்மா," என்று சாதாரணமாகச் சொன்னாள், தினமும் வருகிறவளைக் கூப்பிடுவது மாதிரி.

"மிச்ச மாத்திரைய குடுங்க காசியம்மா."

சாமைப் பானைக்குள் கையை விட்டுத் துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். மூன்று அட்டை. அட்டைக்குப் பத்து. ஒன்றின் மூடியும் கிழியவில்லை.

தேவிப்ரியா அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுகூட போடலியா?"

"மனசு வரலீங்க. புருஷனுக்கு மருந்து வெச்சவன்னு நாளைக்கி ஒரு சொல்லு வந்துருமில்ல."

"அப்பறம் எப்பிடி அவரு குடிய வுட்டாரு? எப்பிடி வாந்தி எடுத்தாரு?"

"இன்னா இப்பிடிக் கேக்கறீங்க? நீங்கதான வந்து போட்டீங்க."

வெளியே எங்கோ ஒரு சேவல் கூவி நின்றது. காசியம்மாள் பொறுமையாகச் சொன்னாள், கைக்குழந்தைக்குச் சொல்வது போல. "நான் வந்து போடுறதா நெனச்சிக்கன்னு சொன்னீங்கள்ல? அமாவாசைக்குப் படையல் போட்டு, செத்தவங்கள எலைக்குக் கூப்புடுவோம்ல, அதே மாதிரிதான். தட்டுல சோறு போட்டு, நடுவுல வெரலால குழி வெச்சி, நர்சம்மா வந்து போடுங்கன்னு மூணு தடவ கூப்டுவேன். மொத நாளே வாந்தி எடுத்தாரு. அப்பவே தெரிஞ்சிக்கினேன், வந்துட்டீங்கன்னு."

தேவிப்ரியாவுக்குப் பயமாக இருந்தது. இருட்டையோ பாம்பையோ கண்டால் வருகிற பயம் இல்லை. மூன்று மாசமாகத் தன் உடம்பை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறபோது வருகிற பயம்.

"அவரு அங்க வார்டுல இருக்காரே. இப்பவுமா கூப்புடறீங்க?"

"வேளை தவறாம. அவரு பேருக்கு இங்க ஒரு தட்டு வெச்சித்தான். ரேஷன் அரிசியில கூப்ட்டா மரியாத இல்லன்னு ஒங்களுக்காவ சாமை ஆக்கறேன். குணமாவணுமில்ல அவரு."

"உசுரோட இருக்கறவள அப்பிடிக் கூப்புடலாமா காசியம்மா?"

"நீங்கதான சொன்னீங்க," என்றாள் அவள் மறுபடியும். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. வைத்தியம் சொன்னபடி தவறாமல் மருந்து கொடுத்தவளின் திருப்தி மட்டும் இருந்தது.

இனிமேல் கூப்பிடவே கூடாது என்று தேவிப்ரியா கேட்டாள், கெஞ்சினாள், அவள் தாலியைத் தொட்டுச் சத்தியமும் வாங்கினாள். பிறகு இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு ஐம்பது. பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. ஒரு மணி. ஓட்டு ஓரத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்று ஐந்து. அவள் இமை விழவில்லை. மூன்று மாசத்தில் முதல்முறையாக ஒரு மணி அவளைத் தொடாமல் கடந்து போனது.

ஒன்றே முக்காலுக்குப் பாறை மேட்டில் ஏறி, சிக்னல் கிடைத்ததும் வார்டுக்குப் போன் போட்டாள். பாரதிதான் எடுத்தாள்.

"மேடம், நானே பண்ணலாம்னு இருந்தேன். பச்சமுத்து சாப்ட்டாரு. ரெண்டு கரண்டி. இன்னிக்கி அவ வரல, இன்னிக்கி அவ வரலன்னு சொல்லிக்கினே சாப்ட்டாரு."

தேவிப்ரியா பாறையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இறங்கி வந்து காசியம்மாள் போட்ட சாமைச் சோற்றைத் தன் பசியோடு தானே சாப்பிட்டாள், தன் விரலாலேயே. பாயில் படுத்துத் தூங்கினாள். அது அவளுடைய தூக்கமாக இருந்தது. எழுந்தபோது வெளிச்சம் மங்கி, சாயங்காலம் மட்டும் ஊர் முனை வரை வந்து திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

ஊர் முனை நிறுத்தம் வரைக்கும் காசியம்மாள் கூட வந்தாள். ஒரு சிமென்ட் கூரை, இரண்டு இரும்புத் தூண், அவ்வளவுதான் நிறுத்தம். அங்கிருந்து தெரு முழுக்கத் தெரிந்தது. காட்டு வேலைக்குப் போன பெண்கள் திரும்பியிருந்தார்கள், கூரைகளுக்கு மேல் அடுப்புப் புகை பனியோடு கலந்து நின்றது.

"ஊர்ல எல்லாரும் குடிய வுட்டுட்டாங்க போலிருக்கு," என்றாள் தேவிப்ரியா, பேச்சுக்கு.

"பின்ன? எங்க வூட்டாரு வுட்டதப் பாத்துட்டு எப்பிடின்னு கேட்டாளுங்க, சொன்னேன். மாத்திரயும் வாணாம், செலவும் இல்ல." காசியம்மாள் பெருமையாக விரல் மடக்கினாள். "மொதல்ல ரம்யா வூடு. அப்பறம் ஒவ்வொண்ணா சேந்து, கடேசியா அம்சவள்ளி வூடு. பதினோரு வூடுங்க. பகல்ல காட்டுக்குப் போய்டுவாளுங்க, ராத்திரி சோத்துக்கு மட்டுந்தான் கூப்புடுவாளுங்க."

தேவிப்ரியாவுக்குக் கரிந்த பால் வாடை அடித்தது. வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போன அந்த ஏழு மணி.

"அவங்ககிட்டயும் போய்ச் சொல்லுங்க. வேணாம்னு சொல்லுங்க. இப்பவே."

"சொல்றேன் நர்சம்மா." காசியம்மாள் தெருவைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா கேக்க மாட்டாளுங்க. அடி வாங்கறது அவளுங்கதான? நீங்க ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வர்றீங்க, அதுவும் மழ இல்லன்னா. கூப்புடலன்னா அவனுங்க தெனைக்கும் குடிப்பானுங்களே."

காசியம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள். முதல் வீட்டு வாசலில் நின்று ஏதோ பேசினாள். உள்ளேயிருந்த பெண் தலையை ஆட்டினாள், இல்லை இல்லை என்று. காசியம்மாள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஆறு ஐம்பத்திரண்டு. பஸ் இல்லை. வளைவுகளில் ஹாரன் சத்தமும் இல்லை.

வீடுகளில் விளக்கு எரிந்தது. கதவுகள் திறந்தே கிடந்தன. தட்டுகள் தரையில் வைக்கப்படும் சத்தம் ஒன்று, இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று தெரு நெடுக நடந்து வந்தது. சாமை வெந்த வாசனை. அதற்கடியில் பூண்டும் இரும்பும்.

அவளுக்குக் குளிரெடுத்தது. பையில் மடித்து வைத்த கோட்டை எடுக்கலாம் என்று குனிந்தாள். பை காலியாக இருந்தது.

கோட்டு உடம்பில் இருந்தது.

ஏழு மணி.

"நர்சம்மா, வந்து போடுங்க."

முதல் வீடு. மெல்லிய குரல்தான். பிள்ளையைத் தாலாட்டுகிற அளவு சத்தம். மூன்று தடவை.

அந்த வாசலுக்குள் ஒரு முதுகு தெரிந்தது. வெள்ளைக் கோட்டு. ஒருத்தனின் தட்டுக்கு மேலே குனிந்திருந்தது.

தேவிப்ரியா தூணைக் கட்டிப் பிடித்தாள். இரும்பு ஜில்லென்று இருந்தது. அந்த ஜில்லிப்பை விடக்கூடாது. கண்ணை மூடக்கூடாது. மூடவில்லை. திறந்தே வைத்திருந்தாள்.

"நர்சம்மா."

இரண்டாவது வீடு. இன்னொரு முதுகு.

மூன்றாவது. நான்காவது. ஒவ்வொரு வாசலிலும் ஒன்று. ஒரே உயரம். ஒரே கோட்டு. ஒரே மாதிரி தொங்கிய தோள், எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவளின் தோள். பாக்கெட்டருகே கறை. எதுவும் திரும்பவில்லை.

காசியம்மாள் நடுத்தெருவில் நின்றுவிட்டிருந்தாள். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து வாசல். பத்து முதுகு.

கடைசி வீட்டில் அம்சவள்ளி தட்டை வைத்தாள். புருஷன் எதிரே உட்கார்ந்திருந்தான். சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. பின்னால் யாரும் இல்லை. இடம் காலியாக இருந்தது.

அம்சவள்ளி விரலால் குழி வைத்தாள்.

"நர்சம்மா, வந்து போடுங்க."

தேவிப்ரியா தூணை இறுக்கினாள். இடது கை தூணில் இருந்தது. வலது கையை அவளால் உணர முடியவில்லை.

"நர்சம்மா, வந்து போடுங்க."

வேண்டாம் என்று சொன்னாள். சொன்னதாக நினைத்தாள்.

"நர்சம்மா, வந்து போடுங்க."

ஆவி முகத்தில் அடித்தது. சூடு. ஈரம். எதுவும் தெரியவில்லை. பிறகு கீழே ஒரு தட்டு தெரிந்தது. தட்டின் நடுவில் குழி. குழிக்கு மேலே ஒரு கை, வெள்ளைப் பொடி பூசிய விரல். விரல் இறங்கியது. நிறுத்தப் பார்த்தாள். அது அவள் சொல்லைக் கேட்கவில்லை.

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பச்சமுத்து பார்த்தது போலவே. பயம் இல்லை. இரக்கம்.

சாப்பிடாதீங்க என்றாள். ஆவிதான் அசைந்தது.

திறந்த கதவு வழியாகத் தூரத்தில் நிறுத்தம் தெரிந்தது. பஸ் வந்து நின்றது. படியில் தொங்கிய கண்டக்டர், தூணைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்ணை இரண்டு முறை கூப்பிட்டார். அவள் கண் திறந்துதான் இருந்தது. திரும்பவில்லை. விசில் ஊதினார். பஸ் விளக்கு அவள்மேல் ஊர்ந்து, வளைவில் திரும்பி, மறைந்தது.

பக்கத்துச் சரிவில் இன்னொரு ஊர் இருந்தது. அங்கே யாரோ ஒரு தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.